கோமதியின் நாற்காலி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் பெயர் கோமதி. வயது ஐம்பத்திரண்டு. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நுரையீரலில் கட்டி, எலும்புக்கும் போய்விட்டது. ஆனால் அது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் முக்கியம் என்று டாக்டர் ஹபீபா காலையிலேயே சொல்லியிருந்தார். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம் சுகிர்தா, நிஜமாகவே தெரியாமல் இருங்கள், அவர்கள் சொல்லும்போதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றார். தெரிந்த ஒன்றைத் தெரியாமல் இருப்பது எப்படி என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நான் எதையும் கேட்டு முடிப்பதில்லை. வார்த்தையை அடுக்கி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார். அதனால் தலையை ஆட்டினேன். கோமதியும் தலையை ஆட்டுகிறவளாகத்தான் இருப்பாள் என்று தோன்றியது. டாக்டர்கள் சங்கக் கட்டடத்தின் இந்தக் கூடத்தில் ஜன்னல்களுக்குக் கத்திரிப்பூ நிறத்தில் திரை போட்டிருக்கிறார்கள். வெளியே திருச்சி வெயில் திரையை அழுத்திக்கொண்டு நிற்கிறது. உள்ளே எல்லோருடைய சட்டையும் முகமும் லேசான ஊதாவில் ஊறிக் கிடக்கின்றன. குளத்துக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் இப்படித்தான் இருக்கும். குஸ்கா வாசனை இன்னும் போகவில்லை. வரிசையாக உட்கார்ந்திருக்கும் டாக்டர்களில் பாதிப் பேருக்குக் கண் சொருகுகிறது. பின்வரிசையில் ஒருவர் தூங்கியே விட்டார். அவருடைய வாய் திறந்திருப்பதை நான் மட்டும் பார்க்கிறேன். ஒரு டாக்டர் தூங்கி நான் பார்த்ததில்லை. சின்ன வயதில், டாக்டர்களுக்குக் காய்ச்சல் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த நாற்காலி சங்கத் தலைவருடையதாக இருக்க வேண்டும், பஞ்சு வைத்தது, உட்கார்ந்ததும் மெதுவாக மூச்சு விட்டது. கோமதிக்கு இப்படி ஒரு நாற்காலி கிடைக்குமா. கிளினிக்கில் அவளுக்குச் சுழலும் இரும்பு ஸ்டூல்தான் கிடைத்திருக்கும். அம்மாவுக்குக் கிடைத்தது அதுதான்.

அம்மாவை நினைக்கக் கூடாது என்று வரும்போதே முடிவு செய்திருந்தேன். பேருந்தில், கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த முடிவை எடுத்தேன். நினைக்கக் கூடாது என்று நினைத்தது அம்மாவைத்தானே. காலையில் அம்மா வாசல் வரை வந்து, இன்னிக்கு உனக்கு என்னடி நோய் குடுத்திருக்காங்க என்று கேட்டாள். சுகர் என்றேன். சுகருக்கா இவ்வளவு டாக்டர் கூடுறாங்க என்று சிரித்தாள். சிரிக்கும்போது கழுத்து எலும்பு இரண்டும் மேலே எழும்பி இறங்கின. அந்த எலும்புகளை நான் முன்பு பார்த்ததே இல்லை. மூன்று வாரத்தில் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துவிட்டன. எதிரில் டாக்டர் ஹபீபா பேசிக்கொண்டிருக்கிறார். சின்ன உருவம், பெரிய குரல், கறுப்புத் தலைமுக்காட்டின் ஓரத்தை அடிக்கொரு தரம் காதுக்குப் பின்னால் தள்ளுகிறார். வந்திருப்பவர்கள் எல்லோரும் சுற்று வட்டாரத்தில் சின்ன கிளினிக் வைத்திருக்கும் குடும்ப டாக்டர்கள். சளி, காய்ச்சல், பிரஷர் பார்க்கிறவர்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டால் ஜனங்கள் உங்களிடம்தான் திரும்பி வருவார்கள், வலிக்கு மாத்திரை எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது, பேசவும் தெரிய வேண்டும் என்கிறார். முதலில் கேளுங்கள், அவர்களுக்கு என்ன தெரியும் என்று. பிறகு கேளுங்கள், எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று. பிறகு சொல்லுங்கள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், தலைக்கு மேலே ஃபேன் சத்தம் உங்கள் காதில் விழும் வரைக்கும். லால்குடியிலிருந்து வந்திருக்கும் கதிரவன் என்ற இளம் டாக்டர் எழுந்து, மேடம், எங்க ஊர்ல பாதி நேரம் கரண்ட்டே இருக்காது, நாங்க எதைக் கேக்கறது என்று சொல்ல, தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்து, என்னவென்று தெரியாமலே மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

சிரிக்காமல் இருந்தவர் ஒருவர்தான். இரண்டாவது வரிசை ஓரத்தில், முழங்காலில் இரண்டு கையையும் வைத்து, பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி. டாக்டர் சவரிமுத்து. எங்கள் டாக்டர். பீமநகரில் அவருடைய கிளினிக் பெஞ்சில்தான் நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றேன் என்று அம்மா சொல்வாள், சுவரில் எழுதியிருந்த 'எச்சில் துப்பாதீர்' என்பதை. காலையில் பெயர் பதியும் மேசை அருகே அவரைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் பார்த்துவிட்டார். லேசாகத் தலையசைத்தார், வேறு யாருக்கும் தெரியாதபடி. அந்தத் தலையசைப்பில் என்ன இருந்தது என்று மதியம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன். நல்லா இருக்கியா என்பதா. அம்மா நல்லா இருக்காங்களா என்பதா. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்பதா. இந்தக் கூடத்தில் என்னைப் பற்றித் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். டாக்டர் ஹபீபாவுக்குக்கூடத் தெரியாது. எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள், அமைதியான பெண், கவனிக்கத் தெரிந்தவள் என்று எங்கள் பேராசிரியை சொல்லி, நோயாளியாக நடிக்க அனுப்பினார். காலையில் நோயாளியாக நடித்த நாடகக் குழு மாணவன் ஒருவன் செய்தி கேட்டதும் தரையில் விழுந்து உருண்டு மேசையையே தள்ளிவிட்டான். அதற்குப் பிறகுதான் டாக்டர் ஹபீபா என்னைத் தேடிக்கொண்டு தூண் பக்கம் வந்தார். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்மா, உக்காந்திருந்தாலே போதும். உட்கார்ந்திருப்பது எனக்கு நன்றாக வரும். மூன்று வாரமாக அதைத்தான் செய்கிறேன், அம்மாவின் எதிரில், டிவிக்கு எதிரில், தெரிந்ததைத் தெரியாமல்.

முதலில் ஒரு பெரிய டாக்டர் வந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்ததும் என் நாடியைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதீங்கம்மா, பயப்படாதீங்கம்மா என்றார். நான் பயப்படவில்லை, அவர் சொன்ன பிறகுதான் பயம் வந்தது. எல்லாம் கடவுள் கையில் என்று சொல்லி எழுந்துவிட்டார். இந்தம்மாவுக்கு என்ன வியாதின்னு சொன்னீங்க டாக்டர் என்று டாக்டர் ஹபீபா கேட்க, அவர் தலையைச் சொறிந்தார், சொல்லவே மறந்துவிட்டிருந்தார். அடுத்து வந்த பெண் டாக்டர் சரியாக எல்லாம் சொன்னார், ஆனால் மேசையில் இருந்த காகிதத்தைப் பார்த்துச் சொன்னார், சொல்லி முடித்ததும் இடமே கொடுக்காமல் அடுத்து எடுக்க வேண்டிய ஸ்கேனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கோமதிக்கு அது வரை தெரியாதது அப்போது தெரிந்தது, தெரிந்த அடுத்த நொடியே ஸ்கேன் எடுக்கும் இடத்தில் லிஃப்ட் வேலை செய்யாது என்பதும் தெரிந்தது. நான் சரிங்க டாக்டர் என்றேன். சரிங்க டாக்டர். அந்தக் குரல் என்னுடையது இல்லை. கோமதியுடையதும் இல்லை. அப்படியே, அந்தச் 'சரி'யில் கொஞ்சம் இறங்கி 'டாக்டரி'ல் மறுபடி ஏறும் அதே குரல், அம்மாவுடையது. அன்றைக்கு அம்மா சொன்னது.

அன்றைக்கும் இதே மாதிரி மதியம்தான். ஸ்கேன் எடுத்த இடத்தில் உறையை என்னிடம் கொடுத்தார்கள். ஆட்டோவில் அம்மா ஓரமாக உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு வர, நான் உறையிலிருந்து தாளைப் பாதி மட்டும் வெளியே இழுத்துப் படித்தேன். கணையம் என்ற இடத்தில் என் கண் நின்றது. அதற்குப் பிறகு வந்த வார்த்தைகளை ஃபோனில் ஒவ்வொன்றாகத் தட்டித் தேடினேன். ஆட்டோ குலுங்கியது. எழுத்துகள் தப்பித் தப்பி விழுந்தன. பாலக்கரை தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா என் பக்கம் திரும்பி, இந்த ஆட்டோக்காரர் உங்க மாமா மாதிரியே காலை ஆட்டிக்கிட்டே ஓட்டுறார் பாரு என்றாள். நான் பார்த்தேன். நிஜமாகவே ஆட்டிக்கொண்டுதான் ஓட்டினார். கிளினிக்கில் கூட்டம் இல்லை, நேராக உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அவரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரமே கிடைக்கவில்லை. அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். டாக்டர் சவரிமுத்து உறையைப் பிரித்து, தாளை விரித்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டு, படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்து வாயைத் திறந்தபோது, நான் அம்மாவின் தலைக்குப் பின்னால் என் வலது கையைத் தூக்கி, விரல்களை விரித்து, வேண்டாம் என்று ஆட்டினேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எல்லோரும் செய்வதுதான். அதே கிளினிக்கில், அதே ஸ்டூலுக்குப் பின்னால், எத்தனை மகன்கள், எத்தனை மருமகள்கள் அப்படிக் கையை ஆட்டியதைப் பெஞ்சில் உட்கார்ந்து கதவு இடுக்கு வழியே பார்த்திருக்கிறேன். டாக்டரின் கண் என் கைக்கு வந்தது, பிறகு அம்மாவுக்குப் போனது. தாளை மடித்து உறையில் வைத்தார். வயித்துல புண்ணு மாதிரி இருக்கும்மா மங்கை, காரம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை காட்டிடலாம் என்றார். சரிங்க டாக்டர். அம்மாவின் முகம் எனக்குத் தெரியவில்லை, பின்தலையும் கொண்டையும்தான். அவள் தலை டாக்டரின் தோளுக்குக் கொஞ்சம் மேலே எதையோ பார்ப்பது போல நிமிர்ந்திருந்தது. அங்கே மருந்து அலமாரிக்குள் ஒரு சின்ன மாதா சிலை இருக்கிறது. மாதாவைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

வெளியே வந்து ரோட்டைக் கடக்கும்போது அம்மா என் கையைப் பிடித்தாள். எப்போதும் முழங்கைக்கு மேலே, சட்டைக் கை முடியும் இடத்தில்தான் பிடிப்பாள், நான் குழந்தையாக இருந்தபோது பிடித்த இடம், நான் வளர்ந்த பிறகும் மாறவில்லை. அன்றைக்கு உள்ளங்கையைப் பிடித்தாள். வலது கை. ஆட்டோ ஸ்டாண்டு வரை விடவில்லை. வியர்த்த கை, நழுவியது, மறுபடியும் இறுக்கிப் பிடித்தாள். வயிற்று வலியில் நடக்கத் தெம்பில்லை என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து காரம் நின்றது. அம்மாவுக்குத் தயிர்சாதம் என்றால் பச்சை மிளகாய் வேண்டும், வதக்கியது இல்லை, பச்சையாக, காம்பைப் பிடித்துக்கொண்டு நடுவில் ஒரு கடி. கடக் என்ற அந்தச் சத்தம் சமையலறையைத் தாண்டிக் கூடம் வரை கேட்கும். அப்பா இருந்த காலத்தில், இவ மிளகாய் கடிக்கறப்ப எனக்குப் பல் கூசுது என்பார். நான் வீட்டில் இருந்த மிளகாயை எல்லாம் எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு துணிப்பையில் ஒளித்து வைத்தேன். ஒரு நாள் அம்மா வெறும் தயிர்சாதத்தை விரலால் கீறிக்கொண்டே, ஒரே ஒரு மிளகாய் கடிச்சா புண்ணு பெருசாயிடுமா சுகி என்று கேட்டாள். ஆமாம்மா என்றேன், புத்தகத்தில் படித்தவளைப் போல. அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி பெருசாக வேண்டாம் என்று சொல்லிச் சாப்பிட்டு முடித்தாள். இல்லாத ஒரு புண்ணுக்காக. பெரிய ஆஸ்பத்திரியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அறுவை செய்ய முடியாது என்று சொல்லிவிட்ட பிறகும், சாப்பிடுவதற்கு என்று மிச்சம் இருக்கும் நாட்களில், இல்லாத ஒரு புண்ணுக்குப் பத்தியம். சென்னையிலிருந்து மாமா தினமும் ஃபோன் செய்கிறார். அக்காவுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே போயிடுவா, வாயைத் திறந்துடாதே என்கிறார். வியாழக்கிழமை வலி சிகிச்சைப் பிரிவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கட்டடத்தின் வாசலில் புற்றுநோய் என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது, சிவப்பில். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பின்பக்கம் சமையற்கூடத்தை ஒட்டி ஒரு வழி இருக்கிறது, ஆட்டோ நுழையுமா என்று காவலாளியைக் கேட்க வேண்டும், கேட்க எனக்குக் கூச்சம், இரண்டு தடவை அருகில் போய் மணி என்ன என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். முன்வாசலில் கூட்டமாக இருக்கும், பின்வழியாகப் போகலாம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், ஆனால் அப்படி நுழைந்தாலும் உள்ளே எத்தனை பலகை இருக்கிறதோ. அம்மா எதையும் படிக்காமல் விடுகிறவள் இல்லை. தபால் நிலையத்தில் கவுண்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து, தலைகீழாக இருக்கும் விலாசத்தைக்கூட வாசித்துவிடுவாள். கனவில் நான் அந்தப் பலகையின் மேல் அம்மாவின் புடவையைப் போட்டு மூடுகிறேன், புடவை முழுவதும் ஈரமாக இருக்கிறது, எழுத்து அதற்குள்ளிருந்து ஊறி ஊறி வெளியே வருகிறது.

இப்போ கொஞ்சம் கஷ்டமாக்கலாமா என்று டாக்டர் ஹபீபா கேட்கிறார். கூடம் மெதுவாகத் திரும்பி வருகிறது, ஊதா நிறம், ஃபேன், யாரோ பாக்குப் பொட்டலம் பிரிக்கும் சத்தம். வீட்டு ஆள் இல்லாம நம்ம ஊர்ல எந்த நோயாளி தனியா வர்றாங்க, கோமதியம்மாவுக்கு ஒரு மகன் வேணும் என்கிறார். லால்குடி கதிரவன் எழுந்து வருகிறார். எனக்கு அவ்வளவு பெரிய பையனா என்று நான் மனசுக்குள் நினைத்ததையே முன்வரிசையில் யாரோ வெளியே சொல்ல, கதிரவன் என்னிடம் குனிந்து, ஆசீர்வாதம் பண்ணும்மா என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. டாக்டர் ஹபீபா அவரைத் தள்ளி அழைத்துப் போய்க் காதில் என்னவோ சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவருடைய சட்டையின் கஞ்சி மொடமொடப்பு என் காதுக்குப் பின்னால் கேட்டது. அடுத்து யாரு, சவரிமுத்து சார், வாங்க. வேண்டாம், இன்னொரு ஆள் வரட்டும் என்று எழுந்து சொல்ல வேண்டும் போல இருந்தது. நான் எழுந்து எதையும் சொன்னதில்லை. அவர் நடந்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், கிளினிக்கில் அவர் உட்காரும் இடத்துக்குச் செருப்போடு போக மாட்டார், அந்தப் பழக்கம். எதிரில் உட்கார்ந்தார். மேசை. அவருடைய இரண்டு கைகள். அந்தக் கைகளை எனக்கு நன்றாகத் தெரியும், என் நாக்கை நீட்டச் சொல்லி, வயிற்றைத் தட்டி, தொண்டையில் டார்ச் அடித்த கைகள். கோமதிக்கு அவரைத் தெரியாது, கோமதி அவரை முதல் முறை பார்க்கிறாள். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக, அவருக்குப் பின்னால், தோளுக்குக் கொஞ்சம் மேலே பார்த்தேன்.

அங்கே சங்கத்தின் கோப்பைகள் வைத்த அலமாரி இருந்தது. டாக்டர்கள் கிரிக்கெட் விளையாடி வாங்கியவை, பித்தளையும் பிளாஸ்டிக்குமாக. கண்ணாடிக் கதவு. கண்ணாடிக்குள் கோப்பைகளுக்கு நடுவே ஊதா வெளிச்சத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், சின்ன முகம், நான்தான். அவளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சட்டை. சட்டையின் மேலிருந்து ஒரு கை மெதுவாக எழும்பியது. அவள் தலைக்கு மேலே வந்து, விரல்களை விரித்து, இப்படியும் அப்படியுமாக ஆடியது. தொட்டிக்குள் மீன் திரும்புகிற மாதிரி. ஒரு பெரிய கோப்பையின் பின்னால் மறைந்து மறுபடியும் வந்தது. அழகாகத்தான் இருந்தது. எவ்வளவு அழகாக ஆடுகிறது, யாருக்கு டாட்டா காட்டுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு டாக்டர் சவரிமுத்துவின் கண் என் தலைக்கு மேலே போய், நின்று, திரும்பி என்னிடம் வந்தது. அந்தக் கண் அப்படிப் போய்த் திரும்புவதை நான் முன்பு பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். இப்போது முன்னாலிருந்து பார்க்கிறேன். ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவளின் இடத்திலிருந்து. டாக்டரின் தோளுக்குக் கொஞ்சம் மேலே. மருந்து அலமாரி. அதற்கும் கண்ணாடிக் கதவுதான். மாதா சிலை கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறது. மாதாவைப் பார்க்கிறவள் கண்ணாடியைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும். அம்மா முப்பது வருடம் கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தவள். போஸ்ட்மாஸ்டர் பின்னால் வந்து நிற்பதை அந்தக் கண்ணாடியில் பார்த்து, கடித்துக்கொண்டிருந்த முறுக்கை மேசை இழுப்பறைக்குள் தள்ளியதை எத்தனை தரம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அம்மாவுக்குக் கண்ணாடி தெரியும். வெளியே வந்து அவள் பிடித்தது அந்தக் கையை. முழங்கைக்கு மேலே இல்லை. அந்தக் கையை. நழுவ நழுவ இறுக்கி. அப்படியானால் மிளகாய். அப்படியானால் புண்ணு பெருசாயிடுமா சுகி. அப்படியானால் மூன்று வாரமாக வெறும் தயிர்சாதத்தை அவள் சாப்பிட்டது வயிற்றுக்காக இல்லை. எனக்காக. நான் சொன்ன பொய் தனியாக நிற்காமல், அதற்குத் துணையாக, ஒவ்வொரு வாயாக. கண்ணாடியில் அந்தக் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இறக்கு என்று சொல்ல நினைத்தேன். நாற்காலிக் கைப்பிடியில் இருந்த என் வலது கை ஈரமாகிவிட்டது.

டாக்டர் சவரிமுத்து தொண்டையைச் செருமினார். கோமதியம்மா என்றார். அவர் குரல் கிளினிக்கில் இருப்பதைவிடச் சின்னதாக இருந்தது. "உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கறீங்க?"

கோமதிக்கு ஒரு பதில் தந்திருந்தார்கள். ஏதோ சளி கட்டியிருக்குன்னாங்க டாக்டர், இருமல்தான் விடமாட்டேங்குது, என்று சொல்ல வேண்டும். காலையில் டாக்டர் ஹபீபாவிடம் இரண்டு முறை சொல்லியும் காட்டிவிட்டேன். அந்த வாக்கியத்தைத் தேடினேன். நாக்கில் இல்லை. அதற்குப் பதிலாக என் வாயிலிருந்து, சரியில் இறங்கி டாக்டரில் ஏறும் அந்தக் குரல் வந்தது.

"கண்ணாடியில தெரியுது டாக்டர்."

அவருக்குப் புரியவில்லை. என் கண் போகும் இடத்தைப் பார்த்தார். நாற்காலியிலேயே முழு உடம்பையும் திருப்பி, பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்தார். கதிரவனின் கை பாதியில் நின்றது. கண்ணாடியில் இப்போது மூன்று பேர் இருந்தோம். நடுவில் டாக்டரின் முகம், நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக் கண்ணாடியோடு. அவர் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு அந்தக் கைக்குக் கீழே இருந்த என்னைப் பார்த்தார். வெகுநேரம் திரும்பவே இல்லை. தலைக்கு மேலே ஃபேன் கேட்க ஆரம்பித்தது. அது சுற்றும்போது ஒரு இடத்தில் மட்டும் லேசாக இடறுகிறது, அந்த இடறல் திரும்பத் திரும்ப வருகிறது. இடறல்களுக்கு நடுவில், பீமநகரில் அவர் எத்தனை பேரை அந்த ஸ்டூலில் உட்கார வைத்திருப்பார், அத்தனை பேரும் என்னென்ன பார்த்திருப்பார்கள், பார்த்துவிட்டுச் சரிங்க டாக்டர் என்று சொல்லி இறங்கிப் போயிருப்பார்கள் என்று யோசித்தேன். அவரும் அதைத்தான் யோசித்தாரோ என்னவோ, திரும்பியபோது அவர் முகம் வயதாகியிருந்தது. மேசைமேல் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "அன்னிக்கு அம்மாவும் பாத்திருப்பாங்களாம்மா?" என்றார்.

நான் மறுபடியும் அலமாரியைப் பார்த்தேன். பாத்தீங்களா, எல்லாரும் பாத்தீங்களா, இதுதான் நான் சொன்ன மௌனம், சார் எவ்வளவு பொறுமையா இருந்தார் பாருங்க என்று டாக்டர் ஹபீபாவின் பெரிய குரல் எங்கள் மேல் விழுந்தது. கை தட்டினார்கள். தூங்கியவரும் தட்டினார். கதிரவன் என் தோளுக்கு மேலே குனிந்து, அம்மா, உன் மகன் மாட்டிக்கிட்டான் என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். டீ வந்திருக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் வெயில் வெள்ளையாக அடித்தது, குளத்திலிருந்து மேலே வந்த மாதிரி. பைக்குகள் நிற்கும் கொட்டகையின் ஓரத்தில் கொஞ்சம் நிழல் இருந்தது. ஃபோனை எடுத்தேன், உள்ளே வைத்தேன். வீட்டுக்குப் போய் நேரில் கேட்கலாம். நேரில் என்றால் அந்தக் கழுத்து எலும்புகள் எதிரில் இருக்கும், மறுபடியும் டிவியைப் பார்ப்பேன். மாமாவிடம் கேட்டுவிட்டுக் கேட்கலாம். மாமா வேண்டாம் என்பார். தெரிந்தால் அன்றைக்கே போய்விடுவாள் என்றாரே. தெரிந்து மூன்று வாரம் ஆகிறது, மாமா. போகவில்லை. தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாள். ஒருவேளை தெரியாமல் இருந்தால். ஒருவேளை அவள் நிஜமாகவே மாதாவைப் பார்த்திருந்தால், நான் கேட்கப்போகும் கேள்வியே அவளுக்குச் சொல்லிவிடும். விரல் பெயரின் மேல் நின்றது. டாக்டர் சவரிமுத்து கையில் இரண்டு டீ கப்போடு தூரத்தில் வந்து நின்றார், செருப்பு போட மறந்திருந்தார், சுடும் சிமென்ட்டில் காலை மாற்றி மாற்றி வைத்தார். கிட்டே வரவில்லை. முதல்ல அம்மாவைக் கேட்டிருக்கணும்மா, கேக்காமலே புண்ணுன்னு சொல்லிட்டேன் என்று அங்கிருந்தே சொல்லிவிட்டு, ஒரு கப்பைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போனார். நான் பெயரைத் தொட்டேன்.

அம்மா உடனே எடுத்தாள். சுகர் எப்படிடி இருக்கு, இறங்குச்சா என்றாள். பின்னால் டிவியில் யாரோ சமையல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இறங்கிடுச்சும்மா என்றேன். சாப்பாடு போட்டாங்களா. போட்டாங்க. என்ன போட்டாங்க. குஸ்கா. காரமா இருந்துச்சா என்று கேட்டாள், கேட்ட குரலில் ஒரு ஆசை இருந்தது, சின்னப் பிள்ளையுடையது. என் வாய்க்குள் வார்த்தைகளை அடுக்க ஆரம்பித்தேன். அடுக்கி முடிப்பதற்குள் அவள் அடுத்ததற்குப் போய்விடுவாள். அதனால் அடுக்காமலே கேட்டேன்.

"அம்மா. உன் உடம்புக்கு என்னன்னு நீ நினைக்கற?"

டிவி சத்தம் குறைந்தது. பிறகு இல்லாமல் போனது. வாயை மூடிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர் ஹபீபா. மூடிக்கொண்டேன். வெளியில் ஃபேன் இல்லை. கொட்டகைத் தகரம் வெயிலில் எங்கோ டப்பென்று விரிந்தது. சுவர் மேல் டீயிலிருந்து ஆவி நேராக எழுந்து ஒரு இடத்தில் வளைந்தது. சும்மா கேட்டேம்மா என்று சொல்லிவிட வேண்டும் போல வாய் துடித்தது. சும்மா என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினேன். அப்போது அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது, எங்கள் வீட்டுக் கூடத்து ஃபேன், நான் பிறந்ததிலிருந்து கேட்கும் அந்தக் கிறீச்.

"அந்த மருந்து அலமாரிக் கண்ணாடிய அன்னிக்குன்னு பாத்து நல்லா தொடச்சு வச்சிருந்தாருடி உங்க டாக்டர்" என்றாள் அம்மா. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "உன் கை அப்படி நடுங்குச்சு. அதான் வெளிய வந்ததும் புடிச்சுக்கிட்டேன்."

பேசினால் கோமதியின் குரல் வருமா என் குரல் வருமா என்று தெரியவில்லை. அழுவது அவளுக்குக் கேட்கட்டும் என்று ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தேன். அவள் அழாதே என்றுகூடச் சொல்லவில்லை. இரண்டு பேரும் எங்கள் வீட்டு ஃபேனைக் கேட்டுக்கொண்டிருந்தோம். உள்ளே கூடத்தில் டாக்டர் ஹபீபா எல்லோரையும் வந்து உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது.

"வியாழக்கிழமை முன்வாசல் வழியாவே போலாம்" என்றாள் அம்மா. "வரும்போது பச்சை மிளகாய் வாங்கிட்டு வா. அரிசி டப்பாவுக்குப் பின்னால நீ வச்சதெல்லாம் வாடிப் போச்சு."